வடக்குச் சுவரைத் திறந்த நாள்

ஜனவரி, பொங்கலுக்கு அடுத்த வாரம். அடித்தளமும் அதன்மேல் முழங்கால் உயரச் செங்கல் கட்டும் முடிந்தன.

பிப்ரவரி, முதல் வாரம். மரச் சட்டகம் நிறுத்தப்பட்டது. கூரை போடப்பட்டது.

பிப்ரவரி, கடைசிச் சனி, ஞாயிறு. முதல் பட்டறை. வடக்குச் சுவர் வைக்கோல் கட்டுகளால் எழுப்பப்பட்டது, தைக்கப்பட்டது.

மார்ச், இரண்டாம் வாரம். என் மனைவி மாரடைப்பால் காலமானார். பணி நிறுத்தப்பட்டது.

ஏப்ரல், கடைசிச் சனி, ஞாயிறு. இரண்டாம் பட்டறை. மற்ற மூன்று சுவர்கள் எழுப்பப்பட்டன.

மே, முதல் வாரம். காற்றுடன் கோடை மழை. வடக்குச் சுவர் நனைந்தது. அன்று மாலையே தார்ப்பாயால் மூடப்பட்டது.

மே, மூன்றாம் சனி. மூன்றாம் பட்டறை. மண் பூச்சுக்கு ஆட்கள் கூடினர். வடக்குச் சுவர் திறக்கப்பட்டது.

மேலே உள்ளவை நடந்தவை. அடுத்த பட்டறைக்கு வரவிருக்கும் உங்களுக்கு இவற்றோடு நான் நிறுத்திக்கொள்ளலாம். வைக்கோல் கட்டுகளை எப்படி அடுக்குவது, மண்ணை எவ்வளவு காலம் புளிக்க வைப்பது என்பவற்றையெல்லாம் பயிற்சியாளர் என்னைவிடத் தெளிவாகச் சொல்லித் தருவார். அந்தப் பெண்மணி இதே தொழிலில் பல ஊர்களில் வீடு கட்டியவர். நான் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளன். இந்த வேலைக்கு உங்களைப் போலவே புதியவன். ஆயினும் உங்களில் பாதிப் பேர் சுரங்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று அறிந்தேன். அதனால் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வைக்கோலில் நாங்கள் செய்த பிழை, சுரங்கத்து மனிதர்கள் மட்டுமே செய்யக்கூடியது.

ஸ்டாக்யார்டில் பணியாற்றியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைத்தால், உள்ளே புகும் காற்றால் அது தானாகவே சூடேறும், கவனிக்காவிட்டால் பற்றிக்கொள்ளும். ஆகவே குவியலை அழுத்துவோம், இடுக்குகளை அடைப்போம், காற்றை வெளியே நிறுத்துவோம். உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய ஒரு நீண்ட இரும்புக் கம்பியைச் செருகி, சிறிது பொறுத்து உருவி, உள்ளங்கையால் பிடித்துப் பார்ப்போம். கருவிகள் இருந்தன. அவை வந்த பிறகும் கம்பி பார்ப்பது நின்றுபோகவில்லை.

நான் பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலிருந்த அதிகாரி அதிகம் பேசாதவர். அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை; சொன்னால் விரும்பமாட்டார். ஒரு பிற்பகல், ஷிப்ட் முடியும் வேளையில், குவியல் ஒன்றில் அவர் கம்பி பார்த்தார். கருவி காட்டிய அளவு அபாயக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. இருந்தும், வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“சார், பஸ் போயிடும்” என்றார் ஒருவர்.

“பஸ் நாளைக்கும் வரும். நீங்க அத்தனை பேரும் நாளைக்கு ஒண்ணா வருவீங்களா? பாதிப் பேர் லீவு, பாதிப் பேர் கல்யாணம்.”

சிரிப்பும் முணுமுணுப்புமாகக் குவியலைப் பிளந்தார்கள். உள்ளே கங்கு இருந்தது. தண்ணீர் ஊற்றி முடித்து எல்லாரும் நடந்தே நகரியத்துக் குடியிருப்பு வட்டங்களுக்குத் திரும்பியபோது அவர் என் பக்கம் வந்து, “சந்தேகம் வந்தா, பக்கத்துல ஆள் இருக்கறப்பவே திறந்துடுங்க. தனியா இருக்கறப்ப மனுஷன் மூடித்தான் வைப்பான்” என்றார்.

அதை நான் தொழில்நுட்ப அறிவுரையாக மட்டும் எடுத்துக்கொண்டேன். நெடுங்காலம் அப்படியே பயன்படுத்தியும் வந்தேன்.

வைக்கோல் வீடு என் விருப்பம் அன்று. குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர்களுக்கு ஓய்வு நெருங்கும்போதுதான் தமக்கென ஒரு வீடு இல்லை என்பது உறைக்கும். பண்ருட்டி சாலையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே, செம்மண் மனை ஒன்று எங்களுக்கு இருந்தது. நான் கான்கிரீட் வரைபடம் தயாரித்தேன். என் மனைவி நகரியப் பள்ளியில் கணிதம் கற்பித்தவர். அவர் எங்கோ நடந்த பட்டறைக்குத் தனியாகப் போய் வந்து, “இங்க மே மாசத்துல கான்கிரீட்டுக்குள்ள இருக்கறதும் பாய்லருக்குள்ள இருக்கறதும் ஒண்ணுதான். வைக்கோல்ல கட்டலாம்” என்றார். கணக்கும் போட்டுக் காட்டினார். என் வரைபடத்தைச் சுருட்டி வைத்தேன். எங்கள் வீட்டையே பயிற்சி வீடாக்கிப் பட்டறை நடத்துவது என்று முடிவாயிற்று. கற்க வருபவர்கள் உழைப்பைத் தருவார்கள்; நாங்கள் சோறு போடுவோம்.

முதல் பட்டறையில் இருவரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ராமலிங்கம். ஸ்டாக்யார்டில் என்னிடம் போர்மேனாக இருந்தவர். எனக்கு முன்பே ஓய்வுபெற்றவர். மற்றவர் ஸ்டெல்லா. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகை நடத்துகிறார். தமக்கும் இப்படியொரு வீடு கட்டிக்கொள்ளும் எண்ணத்தில் கற்க வந்தவர். இருவருக்கும் முதல் நாளே ஒத்துப்போகவில்லை. அதாவது, ஒருவரை ஒருவர் விடாமல் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஏம்மா, நாளைக்கு உன் மேல கோபம் உள்ளவன் எவனாவது ஒரு மாட்டை அவுத்து விட்டா, பொழுது விடியறதுக்குள்ள வீடு காலி” என்பார் ராமலிங்கம்.

“அது பரவால்லீங்க. உங்க வூட்டு கான்கிரீட்டுக் கூரைய மாடு கூட மோந்து பாக்காது. மின்விசிறி ஓடிகினே இருக்கணும், நீங்க வேர்த்துகினே இருக்கணும்” என்பார் ஸ்டெல்லா.

வடக்குச் சுவரை அடுக்கி முடித்ததும் தைக்கும் வேலை. சுவரின் இருபுறமும் மூங்கில் பிளாச்சுகளை நிறுத்தி, அவற்றை வைக்கோலின் ஊடாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதையே தைப்பது என்கிறோம். கோணி ஊசியைப் பல மடங்கு பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படியொரு இரும்பு ஊசி. ஒருவர் இந்தப் பக்கமிருந்து செலுத்த, மற்றவர் அந்தப் பக்கம் வாங்கிக் கயிற்றைக் கோத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். சுவருக்கு அப்பால் இருப்பவரைப் பார்க்க முடியாது. குரல் கொடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். என் மனைவி உள்ளே நின்றார், நான் வெளியே நின்றேன்.

“வந்துடுச்சா?” என்பார் உள்ளேயிருந்து.

“வந்தது.”

“இழுங்க. போதும், போதும். சுவரு வளையுது.”

இடையில் ஒருமுறை அவர் ஸ்டெல்லாவிடம் சொன்னது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. “ஹால்ல இருந்து கூப்பிட்டா இந்த மனுஷனுக்குக் காதே கேக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தினதும் எவ்வளவு ஒழுங்கா பதில் சொல்றாரு, பாத்தீங்களா.”

மார்ச் மாத நிகழ்வைப் பதிவில் குறிப்பிட்டிருக்கிறேன். அதற்குமேல் அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அதன் விளைவாக என் நிலைமை என்ன என்பதை நீங்கள் அறிய வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸில் தங்க எனக்கிருந்த அனுமதி ஜூன் இறுதியில் முடிவதாக இருந்தது. பெங்களூரில் இருக்கும் மகன், அதற்குள் வீடு முடியாவிட்டால் தன்னிடம் வந்துவிட வேண்டும் என்றான். நியாயமான பேச்சு. நானும் ஒப்புக்கொண்டேன். அப்படிப் போய்விட்டால் இந்த வீட்டை முடிக்க நான் திரும்பி வரப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லவில்லை.

மே முதல் வாரம் மழை வந்தது. மேலே கூரை இருந்தும் பயனில்லை. காற்று மழையைப் பக்கவாட்டில் கொண்டுவந்து வடக்குச் சுவரின் மேல் அறைந்தது. பயிற்சியாளர் ஊரில் இல்லை. ராமலிங்கமும் பழைய சகாக்கள் சிலரும் நகரியத்திலிருந்து வண்டியில் வந்துவிட்டார்கள். மழை நின்றதும், ஒருவர் மற்றவரிடம் ஏதும் கேட்காமலே வேலை நடந்தது. தார்ப்பாயை விரித்துச் சுவரின் இருபுறமும் உச்சியிலிருந்து அடிவரை போர்த்தினோம். ஓரங்களை மடித்துச் செருகினோம். அடியில் செங்கல் அடுக்கினோம். காற்று நுழைய ஒரு விரற்கடை இடமும் விடவில்லை. வேலை முடிந்ததும் எல்லாருக்கும் திருப்தி. “எலி கூட உள்ள போவாது சார்” என்றார் ராமலிங்கம்.

எங்கள் கைகள் அறிந்திருந்த ஒரே பாதுகாப்பு அதுதான். நிலக்கரி திறந்து கிடந்தால் சூடேறும். ஈரமான வைக்கோல் மூடிக் கிடந்தால் சூடேறும். மழை பட்ட சுவரை அன்றே திறந்து வைத்துக் காற்றாட விட்டிருந்தால் இரண்டொரு நாளில் அது தானே உலர்ந்திருக்கும். நாங்கள் அதை மூட்டம் போட்டோம்.

மூன்றாம் பட்டறைக்குப் பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மண் குழியில் செம்மண்ணும் நறுக்கிய வைக்கோலும் புளித்துப் பதமாக இருந்தன. தார்ப்பாயை எடுத்தோம். சுவர் பொன்னிறமாக, தொட்டால் சொரசொரவென்று உலர்ந்து நின்றது. கூடியிருந்தவர்கள் கைகளில் மண்ணை எடுத்துவிட்டார்கள். நானும் எடுத்தேன். அன்றும் மறுநாளும் பூச்சு முடிந்தால், காயும் காலத்தையும் சேர்த்து, ஜூன் இறுதிக்குள் குடிபோகலாம் என்பது கணக்கு.

மண்ணை எடுக்காதவர் ராமலிங்கம் மட்டுமே. சுவரருகே குனிந்து மோந்துகொண்டிருந்தார்.

“என்னாங்க, மாட்டுக்கு முன்னாடி நீங்களே மேய ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றார் ஸ்டெல்லா.

ராமலிங்கம் சிரிக்கவில்லை. கிடந்த கம்பி ஒன்றை எடுத்துச் சுவரின் அடி வரிசையில் செருகினார். சற்று நேரம் சும்மா நின்றார். உருவி, நுனியைத் தாம் தொடாமல் என்னிடம் நீட்டினார். ஸ்டாக்யார்டில் எத்தனையோ முறை அப்படி நீட்டியிருக்கிறார்.

கம்பி வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான். சுடவில்லை.

“வெயில் சூடா இருக்கலாம் சார்” என்றார் அவரே. அதுவரை மூடிக் கிடந்த சுவரின் அடி வரிசைக்குள் வெயில் எவ்வளவு போகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அப்படிச் சொல்லி எனக்கு ஒரு வழி விட்டார். அது அவருடைய நல்ல குணம்.

பயிற்சியாளர் வந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார். “ரெண்டு விதமா செய்யலாம் சார். மத்த மூணு சுவரையும் இப்ப பூசிட்டு, இதைக் காத்தாட விட்டுப் பாக்கலாம். காஞ்சாலும் காயலாம். இல்லன்னா இப்பவே திறந்து பாக்கலாம். திறந்தா இந்த ரெண்டு நாளும் இதுலயே போயிடும். பூச்சு எந்தச் சுவருலயும் முடியாது. என் கருத்து எனக்கு இருக்கு. ஆனா இது உங்க வீடு.”

இளைய தோழர்களே, நெருக்கடி என்பது பெரும்பாலும் இப்படித்தான் வந்து நிற்கும். புகை இராது. அலறல் இராது. இரண்டு வழிகளும் ஓரளவு நியாயமாகவே தோன்றும். ஒரு வழி நாம் விரும்புவதாகவும் இருக்கும். காத்திருப்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. கம்பி சுடவில்லை. ஜூன் நெருங்குகிறது. ஆட்கள் மண்ணைக் கையில் ஏந்தியபடி நிற்கிறார்கள். இவற்றுக்கு அடியில் இன்னொரு காரணமும் இருந்தது. அந்தச் சுவரை உள்ளிருந்து தைத்தவர் என் மனைவி. திறப்பதென்றால் அந்தக் கயிறுகளை அறுக்க வேண்டும். அவர் கை பட்டு இந்த வீட்டில் எழுந்தது அந்த ஒரு சுவர்தான்.

இந்தக் கடைசிக் காரணம் தன்னைக் காரணம் என்று காட்டிக்கொள்ளவில்லை. கம்பியின் வெப்பம், நாள்காட்டி, ஆட்களின் நேரம் என்று வேறு பெயர்களில் வந்து வாதாடியது. ஒரு முடிவுக்கு ஆதரவாக வழக்கத்தைவிட அதிகமான காரணங்கள் வரிசையில் வந்து நின்றால், அவற்றுள் ஒன்று மட்டுமே உண்மையில் பேசுகிறது என்று சந்தேகியுங்கள். அதை நான் அங்கே நின்றுகொண்டு உணர்ந்தேன். திங்கட்கிழமை இவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். பிறகு அந்தச் சுவரும் நானும் மட்டும் இருப்போம். நான் அதைத் திறக்கமாட்டேன். எந்த வெப்பத்திலும் திறக்கமாட்டேன்.

“திறந்துவிடலாம்” என்றேன்.

கையிலிருந்த மண்ணை ஒவ்வொருவராகக் குழியில் போட்டார்கள். ராமலிங்கம் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார். நான் கை நீட்டினேன், கொடுத்துவிட்டார்.

கயிறுகளை நான் அறுத்தேன். முடிச்சுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. கரும்பலகையில் கோடு போடும் ஒருவரின் முடிச்சுகள்.

அடி வரிசைக் கட்டை இழுத்தபோது அது கட்டாக வரவில்லை. கறுத்து, ஒட்டிப்போய், ஆவி பறக்க, பிண்டமாகக் கழன்று விழுந்தது. உள்ளே தங்கியிருந்த நெல்மணிகள் முளைவிட்டிருந்தன. வெளிச்சம் படாத வெள்ளை நாற்று, விரல் நீளத்துக்கு. இதன்மேல் மண்ணைப் பூசியிருந்தால், சுவர் அழகாகக் காய்ந்து நின்றிருக்கும். ஐப்பசி மழையில் உள்ளிருந்து உட்கார்ந்திருக்கும். அப்போது அதன் உட்புறத்தில் நான் படுத்திருப்பேன்.

“அய்யய்ய, நாத்தங்காலே இருக்குது” என்றார் ஸ்டெல்லா. யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்ததாகப் பிறகு ராமலிங்கம் சொன்னார்.

அடி வரிசைகள் அனைத்தும் போயின. மேல் வரிசைகளில் தேறியவை தேறின. வைக்கோல் இல்லாத காலம் அது. அறுவடை வைக்கோல் எப்போதோ மாட்டுக்குப் போயிருந்தது. நெல்லிக்குப்பம் பக்கம் கேட்டால் கரும்புச் சோகைதான் உண்டு என்றார்கள். மதியச் சாப்பாட்டின்போது, பெங்களூருக்கு வருவதைப் பற்றி மகனிடம் என்ன சொல்வது என்று மனத்துக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா கை கழுவிக்கொண்டு வந்து எதிரில் நின்றார்.

“எங்க கொட்டாயில கட்டு இருக்குதுங்க சார். எங்க வூட்டுக்குன்னு வாங்கிப் பரண் மேல அடுக்கி வெச்சிருக்கேன். வண்டி வெச்சா சாயங்காலத்துக்குள்ள எடுத்துகினு வந்துடலாம்.”

“உங்கள் வீட்டுக்கு என்ன செய்வீர்கள்?”

“நாங்க தை மாசம்தானுங்களே ஆரம்பிக்கறோம். அப்ப புது வைக்கோல் வந்துடும். பழசு மேல எலி குடும்பம் நடத்துது, அதுங்களுக்கு நான் சோறு போட்டுகினு இருக்கேன். எடுத்துக்குங்க.”

நான் தயங்கினேன். பிறர் வீட்டுச் சுவரை வாங்கி என் வீட்டில் வைப்பது எனக்குப் பழக்கமில்லை. ராமலிங்கம் அதற்குள் வண்டிக்குப் போன் செய்துவிட்டார். “சாருக்கு யோசிக்கணும்னா யோசிக்கட்டும். நாம போய் ஏத்திட்டு வந்துருவோம்” என்று ஸ்டெல்லாவிடம் சொன்னார்; எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

ஞாயிறு காலை சுவரை மறுபடி அடுக்கினோம். தைக்கும் நேரம் வந்தது. நான் வழக்கம்போல் வெளிப்புறம் நின்று ஊசியைச் செலுத்தினேன். அது வைக்கோலுக்குள் போய், எதிர்ப்பு விட்டு, மறுபக்கம் வெளிப்பட்டது கையில் தெரிந்தது. அங்கே யார் நிற்கிறார்கள் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஊசியைப் பிடித்தபடி நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று தெரியவில்லை.

“வாங்கிகினேன் சார்” என்று ஸ்டெல்லாவின் குரல் வந்தது. பிறகு, சற்றுத் தாமதித்து, “அவசரமில்லீங்க. மெல்லமாவே இழுங்க.”

இழுத்தேன். சாயங்காலத்துக்குள் சுவர் முடிந்தது.

அந்தப் பட்டறையில் பூச்சு தொடங்கவே இல்லை. அடுத்த சனிக்கிழமைகளில் வந்தவர்களைக் கொண்டு முதல் பூச்சை மட்டும் முடித்தோம். ஜூன் இறுதியில் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு, முடியாத வீட்டுக்கு வந்தேன். மகனுக்குத் தகவல் சொன்னேன். அவன், “சுவர் தாங்குமாப்பா?” என்று கேட்டான். தாங்கும் என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டவன் என்பதால் அந்தப் பதிலை என்னால் சொல்ல முடிந்தது.

வீடு குளிர்ச்சியாக இருக்கிறது; என் மனைவி போட்ட கணக்கு சரியாகவே இருந்தது. கணக்கில் வராத ஒன்றும் இருந்தது. வைக்கோல் சுவர் ஒலியை உள்ளே விடாது. இத்தனை ஆண்டுகள் ஷிப்ட் சங்கைக் கேட்டு எழுந்தவனுக்கு இப்போது எந்தச் சத்தமும் வருவதில்லை. சாலையில் பண்ருட்டி பஸ் போவதை ஜன்னலில் பார்த்தால்தான் தெரிகிறது. உள்ளே பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்புவதும் இல்லை. இத்தகைய வீட்டில் தனியாக வாழ எண்ணுபவர் உங்களில் எவரேனும் இருந்தால், பயிற்சியாளர் சொல்ல மறந்திருக்கக்கூடிய தொழில்நுட்பச் செய்தியாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வரும்போது முடியாமல் இருக்கும் வேலைகள்:

வடக்குச் சுவரின் வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு. ஐப்பசிக்கு முன் முடிந்தாக வேண்டும்.

அதே பக்கம் கூரை விளிம்பை நீட்டுதல். மழை பக்கவாட்டில் வரும் என்பதை வரைபடத்தில் நான் கருதவில்லை.

தை மாதம் ஸ்டெல்லாவின் வீட்டில் நடக்கும் பட்டறைக்கு ராமலிங்கத்தின் பெயரோடு என் பெயரையும் கொடுத்தல்.

சமையல் மேடை. அதன் உயரத்தை என் மனைவி தம் இடுப்பளவுக்கு வைத்துத் தூணில் பென்சிலால் கோடிட்டிருக்கிறார். அந்த உயரத்தில் கட்டினால் நான் குனிந்தே சமைக்க வேண்டியிருக்கும் என்கிறார் கொத்தனார். எந்த உயரம் என்று அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.